மலைகளைக் கடந்து வரும் குருதி

பேறுகாலத்தில் குருதிப்போக்கு மிகுந்தால், தாயின் உயிர் நிமிடக் கணக்கில் நிற்கும். ஆயிரம் குன்றுகளின் நாடு எனப்படும் ருவாண்டாவில், குருதி வங்கிக்கு வண்டி போய்வர நெடுநேரமாகும். 2016 அக்டோபரில் முகாங்காவிலிருந்து ஜிப்லைன் நிறுவனத்தின் ட்ரோன்கள் அப்பணியை ஏற்றன. கவண் போன்றதொரு பொறி அவற்றை ஏவுகிறது. மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் தாமே பறந்து, குருதிப் பையைச் சிறு பாராசூட்டில் இறக்கிவிட்டு, தரையிறங்காமலே திரும்புகின்றன.

வேகத்தைவிட நமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. தட்டணுக்களை ஏறத்தாழ ஐந்து நாள்களே வைத்திருக்க இயலும். அரிய வகைக் குருதியைச் சிறிய மருத்துவமனைகள் சேமித்தால், எவருக்கும் பயன்படாமலே அது காலாவதியாவதுண்டு. கேட்டவுடன் கிடைக்குமெனில் அந்தச் சேமிப்பே வேண்டியதில்லை. 2022இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்த ஆய்வின்படி, ட்ரோன் வழி வழங்கலுக்குப் பின் அங்கே காலாவதியாகும் குருதி 67 விழுக்காடு குறைந்தது.

சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. எதிரே வரும் ஹெலிகாப்டரைத் தானே உணர்ந்து விலகுவது ஆய்வாளர்களுக்கு இன்றும் கடினமான பணி. மின்கலத்தின் எடையும் புயற்காற்றும் பறக்கும் தொலைவைக் குறைக்கின்றன. சிவப்பணுக்களோ 2 முதல் 6 டிகிரி செல்சியசுக்குள் காக்கப்பட வேண்டியவை. அதனால் வானிலிருந்து இறங்கிய பையையும், வண்டியில் வந்ததைப் போலவே, செவிலியர் வகையும் எண்ணும் சரிபார்த்த பின்னரே ஏற்றுகின்றனர்.