காணாமற்போதலும் காணாமல் ஆக்கப்படுதலும்: இலங்கைத் தமிழ் வழக்கில் ஒரு சொல்லாக்கத்தின் இலக்கணம்

முன்னுரை

இலங்கையில் போர்க்காலத்திலும், 2009 மே மாதம் போர் முடிவுற்ற வேளையிலும் பிடித்துச் செல்லப்பட்டோ படையினரிடம் ஒப்படைக்கப்பட்டோ அதன்பின் செய்தி எதுவும் கிடைக்காதவர்களைக் குறிக்கத் தமிழில் இரு பெயர்கள் வழங்குகின்றன. ‘காணாமற்போனோர்’ என்பது ஒன்று. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்பது மற்றொன்று. முதலாவது நெடுங்காலமாக வழங்கிவருவது. இரண்டாவதையே உறவினர் தம் பதாகைகளில் எழுதுகின்றனர். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் தொடங்கிய தொடர்போராட்டம் இப்பெயரை மேலும் பரவச் செய்தது. இம்மாற்றத்தை அரசியல் முழக்கம் என்று மட்டும் கொள்வது போதாது. அதனுள் ஓர் இலக்கண முடிவு இருக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தென்னிலங்கையில் 1987-89 கிளர்ச்சிக்காலத்தில் மறைந்த சிங்கள இளைஞர் பற்றிய வழக்குகளும் இத்தகையனவே எனினும், இங்குத் தமிழ் வழக்கே ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகிறது.

மூன்று தொடர்கள்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் ஒரு தாய் “மகனைக் காணேல்லை” என்பார். இதில் மகன் இரண்டாம் வேற்றுமை ஏற்ற செயப்படுபொருள். காணாதவர் தாய், அவர் தோன்றா எழுவாயாக நிற்கிறார். தேடுபவர் ஒருவர் உண்டு என்பது தொடரின் அமைப்பிலேயே உள்ளது.

“மகன் காணாமற்போனான்” என்னும்போது இவ்வமைப்பு தலைகீழாகிறது. ‘காணாமல்’ என்பது எதிர்மறை வினையெச்சம். வினையெச்சத்தின் வினைமுதலும் அதனை முடிக்கும் வினையின் வினைமுதலும் ஒன்றாதல் பொதுவிதி. ‘அவன் உண்ணாமற் போனான்’ என்பதில் உண்ணாதவனும் போனவனும் ஒருவனே. ‘மகன் காணாமற்போனான்’ என்பதிலோ காணாதவர் பிறர். போனவனாகச் சொல்லப்படுபவன் மகன். செயப்படுபொருளைச் செய்ததுபோலக் கூறுதலை வழக்கியல் மரபாகத் தொல்காப்பிய வினையியல் ஏற்கிறது. மெழுகியவரை விட்டுத் திண்ணையே மெழுகியதாகக் கூறும் தொடரை உரையாசிரியர் இதற்குக் காட்டாகத் தருவர். திண்ணையைப் பொறுத்தவரை இதனால் இழப்பேதும் இல்லை. மனிதனைப் பொறுத்தவரை, கொண்டுசென்றவரும் தேடுபவரும் ஒருங்கே தொடரைவிட்டு நீங்குகின்றனர். மறைந்தவனே தன் மறைவுக்கு வினைமுதலாகிறான். சந்தைக்குப் போன சிறுவன் வழிதவறினாலும் இதே தொடர்தான்.

மூன்றாவது தொடர் ‘காணாமல் ஆக்கப்பட்டான்’ என்பது. ‘படு’ என்னும் துணைவினை செயப்படுபொருள் குன்றா வினையோடுதான் சேரும். ‘காணாமற் போகப்பட்டான்’ என்று சொல்ல இயலாது. ஆகவே ‘ஆகு’ என்னும் தன்வினையை ‘ஆக்கு’ எனப் பிறவினையாக்கி, அதன்பின்னரே செயப்பாட்டுவினை அமைக்கவேண்டியிருக்கிறது. ஆக்கியவர் ஒருவர் உண்டு என்பதை ஒப்பாமல் இச்சொல்லை உச்சரிக்கவே முடியாது. அவர் பெயர் ‘ஆல்’ உருபேற்று நிற்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. ஆனால் அவ்விடம் இருக்கிறது. ‘யாரால்?’ என்னும் வினாவை இரண்டாம் தொடரை நோக்கி எழுப்ப இயலாது. மூன்றாம் தொடரை நோக்கி எழுப்பாதிருக்க இயலாது.

சட்டத்தின் சொல்

2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பன்னாட்டு உடன்படிக்கை, அரசின் முகவராலோ, அரசின் அனுமதியோ ஆதரவோ இசைவோ பெற்றவராலோ ஒருவரது சுதந்திரம் பறிக்கப்படுவதையும், பின்னர் அச்செயல் மறுக்கப்படுவதை அல்லது அவரது கதி மறைக்கப்படுவதையும் இணைத்தே இக்குற்றத்தை வரையறுக்கிறது. இலங்கை 2016 மே மாதம் இதற்கு ஏற்பளித்தது. அதே ஆண்டின் 14ஆம் எண் சட்டம் நிறுவிய அலுவலகமோ ‘காணாமற்போன’ என்னும் பழைய சொல்லையே தன் பெயரிற் கொண்டுள்ளது. இதனை ஏய்ப்பு என்று உடனே முடிவு செய்தல் பொருந்தாது. போர்முனையிற் காணாமற்போன படைவீரரும் அச்சட்டத்தின் வரம்பில் அடங்குவர். எனவே பரந்த சொல்லுக்குத் தேவை உண்டு. ஆயினும், தம் கையாலேயே மகனை ஒப்படைத்த ஒருவர் விண்ணப்பப் படிவத்தில் அவன் ‘போனான்’ என்று எழுத நேர்வதன் வலியை இவ்விளக்கம் போக்கிவிடாது.

புதிய பெயரும் குறையற்றதன்று. ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்னும் முழுவடிவில் ‘வலிந்து’ இடறுகிறது. ‘வலிந்து உதவினான்’ என்றால் தானே முன்வந்து உதவினான் என்பதே பொதுவழக்கு. வற்புறுத்தப்பட்ட நிலை அதில் இல்லை. மேலும் அவ்வெச்சம் தொடரில் இல்லாத ஒரு கருத்தாவைப் பற்றி நிற்கிறது. காலமும் ஒத்துவரவில்லை. கதி தெரியும்வரை தொடரும் குற்றமாக உடன்படிக்கை இதனைக் கருத, ‘ஆக்கப்பட்ட’ என்னும் இறந்தகாலப் பெயரெச்சம் நிகழ்ந்து முடிந்த செயலாகக் காட்டுகிறது. என் கணிப்பில், முன்னதைவிடப் பின்னதே பெரிய குறை.

எச்சமும் திதியும்

பெயர் உண்டு, உடல் இல்லை என்பது ஒரு புறம். மறுபுறம் உடல் உண்டு, பெயர் இல்லை. யாழ்ப்பாணத்துச் செம்மணியில், கொலை வழக்கொன்றில் 1998இல் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவரின் வாக்குமூலத்தைத் தொடர்ந்து 1999இல் அகழ்வு நடந்து 15 உடல்கள் மீட்கப்பட்டன. அதற்கு அண்மையிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட என்புத்தொகுதிகள் வெளிப்பட்டன. அவை எண்களால் குறிக்கப்படுகின்றன. உடன் கிடைத்த பொருள்கள், அடையாளம் காண்பதற்காக அவ்வாண்டு ஆகஸ்ட் 5 அன்று பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. சிறுவர்க்குரிய புத்தகப்பை ஒன்றும் அவற்றுள் இருந்தது. புதைகுழி எல்லாம் ஒரே காலத்தன என்று கொள்ளவும் இயலாது. மன்னார் நகரில் 2018இல் கண்டறியப்பட்ட, 300க்கும் மேற்பட்டோரின் என்புகள் இருந்த புதைகுழியின் மாதிரிகள், கரிமக் காலக்கணிப்பில் சில நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவை எனப்பட்டன. அம்முடிவைக் குடும்பங்கள் பலவும் ஏற்கவில்லை.

‘மனித எச்சம்’ என்னும் இன்றைய தடயவியல் வழக்கில், எஞ்சியது என்பதே ‘எச்சம்’ என்பதன் பொருள். 114ஆம் குறளுரையில் பரிமேலழகர் அச்சொல்லுக்கு மக்கள் என்று பொருள் கொண்டார். மரபணுச் சோதனையில் இவ்விரு பொருளும் சந்திக்கின்றன: மண்ணில் எஞ்சிய என்பை அடையாளப்படுத்த, உயிருடன் எஞ்சிய குருதியுறவு வேண்டும். ஆண்டுதோறும் பெற்றோர் சிலர் இறக்க, ஒப்பிடத்தக்க மாதிரிகளும் குறைந்துவருகின்றன.

இந்நிலையிற் சடங்கும் தடைப்படுகிறது. ஈழத்துச் சைவ மரபில் இறப்பின் 31ஆம் நாள் அந்தியேட்டி; அடுத்த ஆண்டு முதல் திதி நோக்கித் திவசம். நாள் தெரியாதவர்க்குத் திதி இல்லை. ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தந்தைக்கு நீர்க்கடன் செலுத்துவோருள், தந்தை இறந்தார் என்று ஒப்புவதா, ஒப்பாது கடனைத் தள்ளுவதா என்னும் முடிவை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எடுக்கவேண்டியவர்களும் இருப்பர். இறப்புப் பதிவுச் சட்டத்திற்கு 2016இல் வந்த திருத்தம், இறந்தார் என்னாமல் இவர் இங்கில்லை என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரம் ஒன்றை ஏற்படுத்தியது. சொத்து, வங்கிக் கணக்கு முதலியவற்றிற்கு அது உதவும். சடங்கிற்கு உதவும் அத்தகைய இடைநிலைச் சொல் தமிழில் இல்லை. தாய்மார் இன்றும் “மகனைக் காணேல்லை” என்றே சொல்கின்றனர்.