டோடிதால் ஏரிக்கு ஐப்பசிப் பயணம்

ஐப்பசியில் அடைமழை என்பது தமிழகத்தில் பிறந்தோர் யாவரும் அறிந்த வழக்கு. அங்கே வடகிழக்குப் பருவக்காற்று குளங்களை நிரப்பத் தொடங்கும் நாட்களில், இமயத்தின் கார்வால் பகுதியிலோ மேகம் விலகி வானம் தெளிந்திருக்கும். தென்மேற்குப் பருவமழை விடைபெற்றபின், பெரும்பனி விழுவதற்கு முன் கிடைக்கும் சில வாரங்கள் அங்கே நடைப்பயணத்திற்கு மிகவும் உகந்தவை. வடநாட்டில் வாழும் நம் குடும்பத்தினர் ஆயுதபூஜை விடுமுறையை ஒட்டி மலைநடை ஒன்றை மேற்கொள்ள விரும்பினால், உத்தரகாசி மாவட்டத்திலுள்ள டோடிதால் ஏரியை நாடலாம். புரட்டாசிக் கடைசியும் ஐப்பசி முற்பாதியுமே ஏற்ற காலம்.

‘தால்’ என்பது ஏரியைக் குறிக்கும் வடசொல். கடல் மட்டத்திற்கு மேல் 3,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், காடு சூழ்ந்த மலைகளின் நடுவே அமைந்துள்ளது இந்த ஏரி. விநாயகப் பெருமான் பிறந்த இடம் இதுவே என்பது அவ்வட்டாரத்து மக்களின் நம்பிக்கை. கரையில் அவருக்கு ஒரு சிறு கோயிலும் உண்டு. தெளிந்த நீரில் டிரௌட் மீன்கள் திரிவதைக் கரையில் நின்றே காணலாம். இங்கிருந்து இறங்கும் அஸி கங்கை, உத்தரகாசிக்கு அருகே கங்கோரியில் பாகீரதியுடன் கலக்கிறது.

ரிஷிகேசத்திலிருந்து உத்தரகாசி ஏறக்குறைய 170 கிலோமீட்டர். மலைப்பாதையாதலால் ஒரு பகற்பொழுது பிடிக்கும். அங்கே வனத்துறையின் அனுமதியைப் பெற்றுக்கொண்டு, சங்கம்சட்டி வரை வண்டியில் செல்லலாம். அதற்கப்பால் நடைதான். ஏரி வரை சுமார் 21 கிலோமீட்டர். வழியில் உள்ள ஊர் அகோடா. அதைக் கடந்ததும் ஓக், தேவதாரு, ரோடோடென்ட்ரான் மரங்கள் செறிந்த காடு. மாஞ்சி என்னுமிடத்தில் கோடையில் ஆயர் தங்கும் குடிசைகளைக் காணலாம். இலையுதிர் காலத்தில் அவர்கள் மந்தைகளோடு கீழே இறங்கிவிடுவர். ஆகவே உதவிக்கு ஆள் கிடைக்கும் என்று எண்ணிச் செல்லலாகாது. அகோடாவிலேயே வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது அறிவுடைமை.

வழியின் இனிமையைச் சொல்வது எளிது. அதனினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. தெளிந்த வானத்தை நம்பி மலையேறுவோர் அந்த வானம் மாறக்கூடும் என்பதை மறந்துவிடலாகாது. 2021 அக்டோபர் மூன்றாம் வாரத்தில் கார்வாலில் பருவந்தவறிய பெருமழையும் பனியும் கொட்டின. இதே மாவட்டத்தின் ஹர்சிலிலிருந்து இமாசலத்திற்குக் கணவாய் வழியே நடந்த குழுவினருள் பலர் உயிரிழந்தனர். 2024 ஜூன் மாதத்தில் சகஸ்திரதால் ஏரிக்குச் சென்ற கர்நாடகக் குழுவில் 9 பேர் பனிப்புயலில் மாண்டனர். அவ்வழிகள் டோடிதாலைவிட உயர்ந்தவை, கடினமானவை; எனினும் வானிலை எல்லா மலைகளுக்கும் பொதுவன்றோ!

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். தில்லியில் இதமாக இருக்கும் இரவு, ஏரிக்கரையில் உறைபனி இரவாகலாம். நாம் பெரிதும் விரும்பும் பருத்தியாடை, நனைந்தால் எளிதில் உலராது, உடற்சூட்டையும் பறித்துவிடும். கம்பளியாடை, மழையங்கி, நனையாமல் பொதிந்த மாற்றுடை ஆகியவை ஒவ்வொருவர் பையிலும் இருத்தல் வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியன தோன்றினால் அவை மலைநோயின் அறிகுறிகளாகலாம். அந்நிலையில் மேலே ஏறலாகாது. நோய் முற்றினால் உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து. எனவே ஏற்றத்திற்கு மூன்று நாட்களை ஒதுக்குவது நலம். ஒருநாள் சேமிப்பதற்காக விரைந்து ஏறுவது வேண்டாம்.

திரும்பிவிட வேண்டும் என்று அறிவு சொன்னாலும் மனம் இணங்குவதில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் வீரமன்று, கணக்கேயாகும். ரயிலுக்குப் பணம் கட்டியாயிற்று, அலுவலக விடுமுறை முடியப்போகிறது, பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, இன்னும் இரண்டு மணி நடைதானே என்ற எண்ணமே குடும்பத்தை இடருக்குள் இழுத்துச் செல்கிறது. ஆகவே புறப்படுமுன் வீட்டிலேயே மூன்று முடிவுகளைச் செய்துகொள்ளுங்கள். பிற்பகல் இத்தனை மணிக்குள் தங்குமிடம் சேராவிடில் திரும்புவோம். குழுவில் யாருக்கு உடல்நலம் குன்றினாலும் யாவரும் இறங்குவோம். வழிகாட்டி வேண்டாம் என்றால் வாதிடமாட்டோம். கையில் ஓர் உபரி நாளும் இருக்கட்டும்.

ஏரிக்கு மேலே தர்வா கணவாய் வரை ஏறுவோருக்கு 6,316 மீட்டர் உயரமுள்ள பந்தர்பூஞ்ச் சிகரம் தெரியும். மேகம் திரண்டால் அந்த ஆசையையும் விட்டுவிடலாம். கொண்டுசென்ற பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பக் கொண்டுவருவதும் நம் கடமை. அங்கே எறிவது பாகீரதியில் சேரும்.

உலகைச் சுற்றிவர விரையாமல், பெற்றோரை வலம்வந்து கனியைப் பெற்றவர் பிள்ளையார் என்று நம் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறோம். அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் ஏரியைக் காணச் செல்வோர், பாதி வழியில் திரும்ப நேர்ந்தாலும் வருந்தவேண்டியதில்லை. அடுத்த ஐப்பசியிலும் ஏரி அங்கேயே இருக்கும்.