முதலாளி வந்தால் பாட்டு நிற்கும்

திருத்துறைப்பூண்டி பக்கம் சேற்றுழவு நடந்துகொண்டிருந்த ஒரு வயல். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் தொளியைக் கலக்கிக்கொண்டு போகிறது. பின்னாலேயே கொக்குக் கூட்டம். மட்கார்டில் போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு ஸ்பீக்கரிலும் இளையராஜா. பதினோரு மணிவாக்கில் டீசல் கேனோடு முதலாளி மொபெட்டில் வந்தார். டிரைவர் வண்டியை வரப்போரம் கொண்டுவந்து அணைத்தார். டீசல் கை படக்கூடாதென்று போனை டூல்பாக்ஸில் போட்டு மூடினார். ஊற்றி முடித்து, மறுபடி சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது, பாட்டு வரவில்லை. பாட்டுச் செட்டை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். அதற்குள் முதலாளியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து, "சொல்லு" என்றார். பதில் காதில் வரவில்லை. டிராக்டர் ஸ்பீக்கரில், வயல் முழுக்கக் கேட்கும்படி வந்தது:

"ஏங்க, உரக்கடைக்காரரு பாக்கி கேட்டு வந்து திண்ணையில உக்காந்திருக்காரு. நீங்க ஊர்ல இல்லன்னு சொல்லிட்டேன். இந்தப் பக்கம் வந்துடாதீங்க!"

பக்கத்து வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அன்று சாயங்காலம் வரை சிரித்திருப்பார்கள்.

மந்திரம் ஒன்றும் இல்லை. ப்ளூடூத் செட் தன்னோடு முன்பு சேர்ந்த போன்களை ஞாபகம் வைத்திருக்கும். கரண்ட் வந்ததும் தெரிந்த போன் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடும். டிரைவரின் போன் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. ப்ளூடூத் அலைக்கு இரும்பு சுவர் மாதிரி. அதனால் அடுத்துத் தெரிந்த போனை, அதாவது வரப்பில் நின்றவரின் போனை, பிடித்துக்கொண்டது. வண்டி வாங்கிய அன்று ஷோரூம் வாசலிலேயே அவர் ஆசையாக இணைத்துப் பார்த்த போன் அது.

'டிராக்டர் செட்டுல போன் கனெக்ட் ஆகல' என்று செட் மாட்டும் கடைக்கு வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இப்படி இன்னொரு போன் இருக்கிறது என்பது என் கணிப்பு. ப்ளூடூத்தை வடிவமைத்தவர்கள் மனதில் ஓர் ஆளும் அவர் கையில் ஒரு போனும்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது. நம் ஊர் டிராக்டரோ முதலாளி, டிரைவர், லீவுக்கு வந்த மகன், சர்வீஸ் பார்த்த மெக்கானிக் என்று பலர் கை படும் வண்டி. ஒவ்வொருவரும் ஒரு முறை இணைத்துப் பார்க்காமல் விடுவதில்லை.

ப்ளூடூத்துக்கு 'ஊடலை' என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். வயலில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் ஊடல் ஒளிந்திருப்பது பொருத்தம்தான். மூலப்பெயர் அதைவிட வேடிக்கை. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசனுக்கு 'நீலப்பல்' என்று பட்டப்பெயர். பிரிந்து கிடந்த கூட்டங்களை ஒன்று சேர்த்தவன் என்பதால், 1997-இல் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக் அந்தப் பெயரை முன்மொழிந்தார். போனில் நாம் பார்க்கும் நீலச் சின்னம், அவன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பழைய ரூனிக் எழுத்தில் ஒட்டிப் போட்டது.

இனி போனை இணைக்கும் வேலைக்கு வருவோம். முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள், அப்புறம் செட்டைப் போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கிற இழுப்பில் 12 வோல்ட் பேட்டரி ஒரு கணம் பத்துக்கும் கீழே தொய்ந்துவிடும். செட் செத்துப் பிழைக்கும். பாதி இணைந்த போன் அறுந்துபோகும். செட்டில் மோட் பட்டனை அழுத்தி 'BT' (ப்ளூடூத்) என்று வந்ததும், போனில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்தால் செட்டின் பெயர் தெரியும். ரகசிய எண் கேட்டால் 0000, இல்லையென்றால் 1234. பெயரே வரவில்லையா? அநேகமாக வேறு யாருடைய போனோ ஏற்கெனவே பிடித்திருக்கிறது. அவரைக் கண்டுபிடித்து ப்ளூடூத்தை அணைக்கச் சொல்லுங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் போனிலும் செட்டிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி. ஒரு பக்கம் மட்டும் அழித்தால் மற்றது பழைய உறவையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

இணைந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் தொட்டால், அழைப்புக்குத் தனியாக, பாட்டுக்குத் தனியாக இரண்டு சுவிட்ச் இருக்கும். அழைப்பை அணைத்துவிடுங்கள். செட்டின் மைக், திறந்த டிராக்டரில் உங்கள் குரலைவிட என்ஜினைத்தான் நன்றாகக் கேட்கும். தவிர, உரக்கடைச் செய்தி ஊருக்குக் கேட்க வேண்டியதில்லை.

வயரிங்தான் அடுத்த தலைவலி. செட்டின் பின்னால் வரும் வயர்களில் மூன்று முக்கியம். மஞ்சள் ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்கு; சிவப்பு சாவிக்குப் பிறகு; கறுப்பு எர்த். அவசரத்தில் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிச் சாவியிலேயே கொடுத்துவிடுவார்கள். விளைவு, சாவியை எடுத்ததும் செட் மணி, ஸ்டேஷன் எல்லாவற்றையும் மறந்துவிடும். இரண்டையும் நேரே பேட்டரிக்குக் கொடுத்தாலோ, அணைக்க மறந்த இரவுக்கு மறுநாள் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும். பாட்டுக்குப் பின்னால் 'ஙீ' என்று ஒரு ரீங்காரம், ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்குகிறதா? அது ஆல்டர்னேட்டரின் குரல். கறுப்பு வயர் தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு தெரியும்படி செய்து இறுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

விவசாயிகளின் வானொலிக் கதை ப்ளூடூத்தைவிடப் பழையது. 1960-களில் ஆடுதுறையிலிருந்து வந்த ஏடிடீ 27 நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வானொலி சொன்னதைத் திண்ணையிலும் டீக்கடையிலும் உட்கார்ந்து கேட்டார்கள். இன்று செட்டில் எஃப்எம் இருந்தும் அதைத் திருப்புகிற டிரைவர்கள் குறைவு. தங்களுக்குப் பிடித்த பாட்டு தங்கள் போனிலேயே இருக்கிறது. ஒரே வயலில் நாள் முழுக்கப் பேச்சுத் துணை இல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறவனுக்கு அந்தப் பாட்டு ஆடம்பரம் என்று சொல்லும் முதலாளிகளை எனக்குப் பிடிப்பதில்லை.

சத்தத்தைப் பற்றி மட்டும் டிரைவர் தம்பிகளிடம் ஒரு சண்டை இருக்கிறது. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு. அதாவது 91-இல் இரண்டே மணி நேரம். கேபின் இல்லாத டிராக்டரில் என்ஜின் மட்டுமே 90-ஐத் தொடுவது சாதாரணம். அதை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் காதுக்கு என்ன மிஞ்சும்? ரோட்டவேட்டர் சுற்றும்போது பின்னால் நிற்பவர் போடும் கூச்சல் கேட்கவில்லை என்றால் போவது காது மட்டுமல்ல. ரிவர்ஸ் எடுக்கும்போதாவது வால்யூமைக் குறையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஊருக்குள் டிரெய்லரோடு போகும்போது அணைத்தே விடுங்கள்; பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது, குழந்தைகளும் தூங்குகின்றன.

கடைசியாக, பழைய டிராக்டரை விற்கப் போகிறவர்களுக்கு. ஆர்சி புக், இன்ஷூரன்ஸ் எல்லாம் எடுத்து வைப்பீர்கள். செட்டில் இருக்கும் உங்கள் போனின் பெயரையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். சில செட்டுகள் போனில் உள்ள நம்பர்களையும் இறக்கி வைத்துக்கொள்ளும். உரக்கடைக்காரர் நம்பரும் அதில் இருக்கும்.