நிலக்கரி அடுப்பும் ஓர் அங்குல இடைவெளியும்

அமெரிக்காவின் குளிர்மிகுந்த பகுதிகளில், பாட்டனார் காலத்து வார்ப்பிரும்பு நிலக்கரி அடுப்பை வீட்டில் மீண்டும் நிறுவுவோர் இன்றும் உளர். சமைக்க அன்று, அறையைச் சூடேற்ற. பழைய அடுப்புக்குச் சோதனைக்கூடச் சான்று இராது. ஆகவே அந்நாட்டுத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 211ஆம் விதித்தொகுப்பு, அடுப்புக்கும் மரச்சுவருக்கும் இடையே 36 அங்குலம் விடச் சொல்கிறது.

நெருப்புப் படாத சுவர் எப்படி எரியும் என்று கேட்கலாம். ஆண்டுக்கணக்கில் சூடு தாக்கிய மரம் மெல்லக் கரியாகி, முன்னைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். சுவரை ஒட்டிச் செங்கல் அடுக்கினாலும் பயன் சிறிதே. செங்கல் தான் வாங்கிய சூட்டைப் பின்னாலுள்ள மரத்துக்குக் கொடுத்துவிடும். மாறாக, இரும்புத் தகட்டைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நிறுத்தி, மேலும் கீழும் திறந்து விட்டால், இடையில் ஏறும் காற்று சூட்டை அள்ளிச் சென்றுவிடும். அப்போது 12 அங்குலமே போதும். காப்பது தகடு மட்டுமன்று, காற்றும்தான்! (தகட்டைத் தாங்க மரக்கட்டை வைத்தாலோ எல்லாம் வீண்.)

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து வேறொன்று. அடுப்பின் இணைப்புகளில் விரிசலிருந்தாலும், புகைபோக்கி அடைத்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் பரவும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் விழிக்காமலே மாண்டுபோவார். எனவே படுக்கையறை அருகே அதைக் கண்டு ஒலியெழுப்பும் கருவியும் வேண்டும்.