கால்பங்குக் கல்வி



பண்டைக் கல்வி என்றதும் பிரம்பும் மனப்பாடமுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. இந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் சரியானது? விடை காணப் பவணந்தி முனிவரின் நன்னூலைப் புரட்டுவோம். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்த இலக்கண நூல், எழுத்தையும் சொல்லையும் விளக்குமுன்னர், கற்பிப்பது எப்படி, கற்பது எப்படி என்று தன் பாயிரத்திலே பேசுகிறது.

அங்கே ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் கூறியதை முற்றாக மனத்திலிருத்தினாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கால்பங்கு புலமையே. சக மாணாக்கரோடு பயிலும்போது இன்னொரு கால்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கோ, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும்.

இக்கணக்கை நான் மாணவனாகப் படித்தேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றேன். ஆனால், ஆசிரியனான பின் பல்லாண்டுகள் வகுப்பில் நான் மட்டுமே பேசினேன். ஒருநாள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. புணர்ச்சி விதியொன்றை விளக்கும்படி, பாடத்தில் பின்தங்கிய மாணவி ஒருத்தியை அழைத்தேன். தடுமாறினாள்; தோழியர் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடினாள். நான் எத்தனையோ தடவை கூறியும் விளங்காத விதி, பாடம் முடியுமுன் அவளுக்குத் தெளிவாகிவிட்டது. கால்பங்கைக் கொடுத்துவிட்டு முழுப்பங்கையும் பரீட்சையில் கேட்டிருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மாணவரே கற்பிப்பது ஏட்டளவில் நின்றுவிட்ட கருத்தன்று. 1789இல் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றின் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளிக்கும் கொண்டுவந்தார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கையின் பின், 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இது இங்கிலாந்திலும் பரவியது.

பழமை என்பதற்காக எல்லாவற்றையும் தலைமேல் தூக்கிவைக்க வேண்டியதில்லை. யாருக்குக் கற்பிக்கலாம் என்ற பட்டியலில், அரசன் மகனுக்கும் மிகுந்த பொருள் கொடுப்போனுக்கும் அதே நன்னூல் இடமளிக்கிறது. 1945இல் இலவசக் கல்வியை ஏற்ற நம் நாட்டுக்கு அந்தப் பட்டியல் ஆகாது. ஆயினும், பணம் கட்டிய பிள்ளைகள் ரியூசன் வகுப்புகளில் வாய்திறவாமல் குறிப்பெழுதுவதைக் காணும்போது, பட்டியலை வைத்துக்கொண்டு கணக்கைத்தான் கைவிட்டோமோ என்று அஞ்சுகிறேன்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் "படித்து முடித்தாயா?" என்று கேளாமல், "எனக்கும் சொல்லித் தா" என்று கேட்டுப் பாருங்கள். அந்த அரைப்பங்கு அங்கே கிடைக்கும்.