விண்ணப்பப் படிவத்தில் ஒளிந்திருக்கும் ஏற்றத்தாழ்வு

இந்தியாவில் பொருளாதார ஏற்றத்தாழ்வு பெருகிவருகிறது என்ற குறையும், அட்டைகளும் கடவுச்சொற்களும் சான்றிதழ்களும் நிறைந்து அன்றாடம் பிழைப்பதே தனியொரு வேலையாகிவிட்டது என்ற சலிப்பும் பெரும்பாலும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. ஆனாலும் முன்னதை வருமானப் பங்கீட்டின் சிக்கலாகவும் பின்னதை நிர்வாகத் திறனின் சிக்கலாகவும் பிரித்துப் பேசுவதே அறிஞர் வழக்கமாக இருந்துவருகிறது. அப்படிப் பிரிப்பது வசதியானதுதான். எனினும் கடந்த நாற்பது ஆண்டுகால வரிச் சட்டங்களையும் நலத்திட்ட விதிகளையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, விதிகளின் சிக்கல் பணம் உள்ளவரிடம் சலுகையாகவும் இல்லாதவரிடம் செலவாகவும் போய்ச் சேரும் விதம் புலப்படுமாதலால், அந்தப் பிரிவினை நெடுநேரம் நிற்பதில்லை.

ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்ற கேள்விக்கே நேரான விடை கிடைப்பதில்லை. 2025 ஜூலையில் மத்திய அரசு, உலக வங்கியின் கணக்கைக் காட்டி, இந்தியாவின் ஜினி குறியீடு 25.5 என்றும், ஆகவே உலகின் மிகவும் சமத்துவமான நாடுகளின் வரிசையில் இந்தியா நான்காவது என்றும் அறிவித்தது. இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினியின் பெயர் தாங்கிய இந்த அளவுகோலில், எல்லோருக்கும் ஒரே அளவு கிடைத்தால் 0 என்றும், அனைத்தும் ஒருவரிடமே குவிந்தால் 100 என்றும் கொள்ளப்படும். அரசு சொன்ன எண் பிழையானதல்ல. ஆனால் அது குடும்பங்களின் நுகர்வுச் செலவை அளந்த எண். வருமானத்தை அளக்கும் உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் 2004இல் 52 ஆக இருந்த குறியீடு 2023இல் 62 ஆக உயர்ந்ததாகக் கணிக்கிறது. அந்த எண்ணையும் உலக வங்கியின் அதே குறிப்பு எடுத்துக் காட்டியிருந்தது. செல்வந்தர்கள் தம் வருமானத்தில் சிறு பகுதியையே செலவழிப்பதாலும், கணக்கெடுப்பாளர்களுக்கு அத்தகைய வீடுகளின் கதவுகள் எளிதில் திறப்பதில்லை என்பதாலும், நுகர்வைக் கொண்டு செய்யும் கணக்கு உச்சியில் இருப்பவர்களைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடுகிறது.

பொருளியலாளர் தாமா பிக்கெட்டி உள்ளிட்ட நால்வர் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு, 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் மொத்தச் செல்வத்தில் 40.1 சதவீதமும் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருந்ததாக மதிப்பிட்டது. 1980களின் தொடக்கத்தில் இதே ஒரு சதவீதத்தினரின் வருமானப் பங்கு ஏறத்தாழ 6 சதவீதமாக இருந்ததென்றும் அது கூறுகிறது. வருமான வரித் தரவுகளையும் மாதிரிக் கணக்கெடுப்புகளையும் இணைத்துப் பெறப்பட்ட மதிப்பீடுகள் என்பதால் இவற்றின் துல்லியம் பற்றிப் பொருளியலாளர்களிடையே வாதங்கள் உண்டு. ஆனால் போக்கு எந்தத் திசையில் என்பதை மறுக்க அந்த வாதங்கள் போதுமானவையல்ல.

இந்த நாற்பது ஆண்டுகளில் செல்வத்தின் மீதான வரிகளுக்கு என்ன ஆயிற்று என்பது கவனிக்கத்தக்கது. ஒருவர் இறந்தபின் அவருடைய சொத்து வாரிசுகளின் கைக்கு மாறும்போது விதிக்கப்படும் மரபுரிமை வரி 1953இல் கொண்டுவரப்பட்டு, ஒரு கட்டத்தில் உச்ச விகிதமாக 85 சதவீதம் வரை உயர்ந்து, 1985இல் நீக்கப்பட்டது. வைத்திருக்கும் சொத்தின் மதிப்பின் மீது ஆண்டுதோறும் விதிக்கப்பட்ட செல்வ வரி 1957இல் தொடங்கி 2015ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையோடு முடிவுக்கு வந்தது. இரண்டுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: வசூலிக்க ஆகும் செலவும் தொல்லையும் அதிகம், வருவாய் குறைவு. 2013-14இல் செல்வ வரியாக நாடு முழுவதும் கிடைத்தது 1,008 கோடி ரூபாய் மட்டுமே என்பதால் அந்தக் காரணம் பொய்யுமல்ல. ஆயினும் வருவாய் ஏன் அவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், செல்வ வரியின் கணக்கில் 1993க்குப் பின் பங்குகளும் வங்கி வைப்புகளும் சேர்க்கப்படவே இல்லை என்பதும், அறக்கட்டளையின் பெயராலும் இந்துக் கூட்டுக் குடும்பம் என்ற தனி வரி அலகின் பெயராலும் சொத்தைப் பிரித்துக் காட்ட இடம் இருந்தது என்பதும் தெரியவரும். அதாவது சட்டத்தின் ஓட்டைகளே வசூலைக் கடினமாக்கின. வசூல் கடினமாக இருந்ததே சட்டத்தை நீக்கக் காரணமாயிற்று.

எல்லை தாண்டிய முதலீட்டிலும் இதே கதைதான். மொரீஷியசுடன் 1980களின் தொடக்கத்தில் செய்துகொண்ட இரட்டை வரி விலக்கு ஒப்பந்தத்தின்படி, அந்நாட்டில் பதிவான நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்று ஈட்டும் ஆதாயத்துக்கு இங்கே வரி இருக்கவில்லை. அங்கேயும் அத்தகைய ஆதாயத்துக்கு வரி இல்லை. 2016இல் திருத்தப்படும் வரை இந்த ஏற்பாடு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. இதைப் பயன்படுத்துவதற்குச் சட்ட அறிவும் தணிக்கையாளர் கட்டணமும் தேவைப்பட்டன. அவை இருப்பவருக்குச் சிக்கல் என்பது விலை கொடுத்து வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு வசதி.

அடித்தட்டில் இதே சிக்கல் எப்படி இயங்குகிறது என்பதை விளக்க, அமெரிக்க ஆய்வாளர்கள் பமேலா ஹெர்டும் டொனால்ட் மொய்னிஹனும் 2018இல் எழுதிய நூலில் 'நிர்வாகச் சுமை' என்ற கருத்தை விரிவாக எடுத்துரைத்தனர். அரசிடமிருந்து தமக்கு உரியதைப் பெறுவதற்குக் குடிமக்கள் செலுத்த வேண்டியிருக்கும் மறைமுக விலையே அது. இன்ன திட்டம் உண்டு, இன்னாருக்குத் தகுதி உண்டு என்று அறிந்துகொள்ள ஆகும் முயற்சி கற்றல் செலவு; படிவம், சான்றிதழ், அலைச்சல், இழந்த கூலி ஆகியவை இணக்கச் செலவு; சந்தேகத்துக்குரியவராக நடத்தப்படுவதன் அவமானமும் பதற்றமும் உளச் செலவு. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இரண்டாம் முறை வரச் சொல்லப்பட்ட எவருக்கும் இந்த மூன்றையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்த நூறு நாள் வேலைத் திட்டம் இதற்குத் தக்க சான்று. 2023 ஜனவரி முதல் பணித்தளத்தில் தொழிலாளர்களை நாளுக்கு இருமுறை படமெடுத்துக் கைப்பேசிச் செயலியில் ஏற்றினால்தான் வருகை என்ற விதி பொதுவாகக் கட்டாயமாயிற்று; 2024 ஜனவரி 1 முதல் கூலி ஆதார் வழியாக மட்டுமே என்றாயிற்று. ஆதார் வழிக் கூலி என்பதன் பொருள், தொழிலாளி கொடுத்த கணக்கு எண்ணுக்கு அல்லாமல், அவருடைய ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்குப் பணம் போகும் என்பதாகும். ஏதோ ஒரு முகாமில் தொடங்கி மறந்துபோன கணக்கு அந்தக் கடைசிக் கணக்காக இருந்துவிட்டால், கூலி வந்துவிட்டதாக அலுவலகக் கணினி காட்டும், கையிலுள்ள பாஸ்புக் காட்டாது.

பெயரில் தொடங்கும் தொல்லை தமிழர்களுக்குச் சற்றுக் கூடுதல். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்ளும் தமிழ் வழக்கத்தை, குடும்பப் பெயர் கட்டாயம் இருக்கும் என்று கருதி வடிவமைக்கப்பட்ட படிவங்கள் ஏற்பதில்லை. பான் அட்டையில் தந்தை பெயர் கடைசிப் பெயராக விரிவதும், ஆதாரில் தலைப்பெழுத்தாகவே நிற்பதும், வங்கியில் முன்பின்னாக மாறுவதும் இயல்பு. ழகர, றகரங்களை ஆங்கிலத்தில் எழுதும்போது அலுவலகத்துக்கு அலுவலகம் எழுத்துக்கூட்டல் மாறிவிடுகிறது. மூன்று ஆவணங்களில் மூன்று பெயராக இருப்பவர் வேலையை விட்டபின் தம் வருங்கால வைப்பு நிதியைக் கேட்டு விண்ணப்பிக்கும்போது, பெயர் பொருந்தவில்லை என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வருகிறது. 2022-23இல் வைப்பு நிதியின் இறுதித் தீர்வு கோரி வந்த விண்ணப்பங்களில் நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று நிராகரிக்கப்பட்டது. இவ்வளவுக்கும் அது நலத்திட்ட உதவியல்ல, அவரவர் சம்பளத்தில் பிடித்து வைத்த சொந்தப் பணம்.

இத்தகைய சோதனைகளில் தவறுபவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று கருதுவது எளிது. அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம், அறுவடைக்கு முன் பணமுடையில் இருந்தபோதும், அறுவடைக்குப் பின் பணம் கைக்கு வந்தபோதும், ஆய்வாளர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் ஒரே வகை அறிவுத்திறன் சோதனைகளை நடத்தி 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே மனிதர் முடை நாளில் குறைவாகவும் பணம் வந்த நாளில் கூடுதலாகவும் மதிப்பெண் பெற்றார். பணக்கவலையே சிந்தனையின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம். இதிலிருந்து பெறப்படுவது, ஏழைக்கான படிவம் மற்றெந்தப் படிவத்தையும்விட எளிதாக இருக்க வேண்டும் என்பதே. நடைமுறை நேர்மாறாக இருக்கிறது. வங்கிக் கட்டணம்கூட இதே சாய்வுடையது: குறைந்தபட்ச இருப்பு வைக்காத வாடிக்கையாளர்களிடமிருந்து பொதுத்துறை வங்கிகள் 2023-24உடன் முடிந்த ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் அபராதமாக வசூலித்தன.

சரிபார்ப்பே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. போலிக் குடும்ப அட்டைகளும் வராத ஆட்களுக்கு எழுதிய கூலியும் உண்மையிலேயே இருந்தன. எந்தத் திட்டத்திலும் தகுதியற்றவர் நுழைவது ஒரு பிழை என்றால், தகுதியுள்ளவர் விடுபடுவது இன்னொரு பிழை. முதல் பிழையைக் குறைக்கும் ஒவ்வொரு தடையும் இரண்டாவதைக் கூட்டும். ஜார்க்கண்டில் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் முதலானோர் நடத்திய ஆய்வில், போலி என்றும் தேவையற்றவை என்றும் நீக்கப்பட்ட குடும்ப அட்டைகளைத் தேடிச் சென்று பார்த்தபோது, அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமானவை உண்மையான குடும்பங்களுடையவையாக இருந்தன. செல்வ வரியின் சிக்கலைக் கண்ட அரசு வரியையே நீக்கியது. அரிசி விநியோகத்தில் அதே அரசு இயந்திரம் கண்ட சிக்கலுக்கோ மேலும் ஒரு சரிபார்ப்பு சேர்ந்தது.

அனைவருக்கும் தருவது, தகுதி பார்த்துத் தருவது என்ற இரண்டு வழிகளும் தமிழ்நாட்டுக்குத் தெரிந்தவை. 1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கென்று குறுக்கியபோதும் தமிழ்நாடு அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. வறியவர் என்று நிரூபிக்க வேண்டிய தேவை எழாததால் பட்டியலில் விடுபடுவோர் என்ற பேச்சுக்கே அங்கே இடம் குறைந்தது. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அதைவிட எளிது: படிவம் இல்லை, வருமான வரம்பு இல்லை, சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறினால் போதும். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையோ ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கர், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட் என்ற வரம்புகளோடு வந்தது. முதற்கட்டத்தில் வந்த ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்களில் சுமார் 1.06 கோடி ஏற்கப்பட்டன. மற்றவர்களுக்குக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யும் வாய்ப்பு தரப்பட்டது, பின்னர் பயனாளிகள் கூடவும் செய்தனர். மாதம் ஆயிரம் ரூபாயை எல்லோருக்கும் கொடுத்தால் கருவூலம் தாங்குமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் பேருந்தில் யாரும் எழுதாத மேல்முறையீட்டை உரிமைத் தொகைக்கு லட்சக்கணக்கானவர்கள் எழுத நேர்ந்தது என்பதையும், அந்த எழுத்துக்கூலியும் போக்குவரத்தும் எந்த நிதிநிலை அறிக்கையிலும் வராத செலவு என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

அந்தச் செலவை அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்ட முன்மாதிரி உண்டு. மத்தியப் பிரதேசம் 2010இல் இயற்றிய பொதுச் சேவை உறுதிச் சட்டம், குறித்த நாளுக்குள் சான்றிதழோ சேவையோ தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்தது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.  தவறான நிராகரிப்புக்கும் அதே பொறுப்பை நீட்டித்து, ஒவ்வொரு திட்டத்திலும் எத்தனை போலிகள் பிடிபட்டன என்று அறிவிக்கும் அதே அறிக்கையில், தகுதியிருந்தும் எத்தனை பேர் எந்தக் காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதையும் ஆண்டுதோறும் வட்டம் வாரியாக அரசுகள் வெளியிட வேண்டும்.