பழைய காரின் தானியங்கிக் கியர்ப் பெட்டி: திறவாமலே பழுதறியும் முறை

மோட்டார் காரின் கியர்ப் பெட்டி என்றதும் கையால் தள்ளும் கோலும் காலால் மிதிக்கும் கிளட்சுமே பலருக்கு நினைவில் வருவன. இவ்விரண்டின் வேலையையும் எண்ணெயின் அழுத்தத்திடம் ஒப்படைத்துவிட்ட பெட்டியே தானியங்கிக் கியர்ப் பெட்டியாகும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 'ஹைட்ராமாட்டிக்' என்னும் பெயரால் இதனைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1960களில் ரோவர், டிரையம்ஃப், ஹில்மன் முதலிய கார்கள் பலவற்றில் இடம்பெற்றது போர்க்-வார்னர் நிறுவனத்தின் '35' என்னும் மாதிரி. சுவீடன் நாட்டு வால்வோவும் அதனை ஏற்றுக்கொண்டது.

அக்கார்களை இன்றும் பேணி ஓட்டுவோர் உளர். வண்டி வழுக்கத் தொடங்கியதும், "பெட்டியை இறக்கிப் பிரித்துவிடலாம்" என்னும் யோசனைதான் முதலில் அவர்கள் காதில் விழுகிறது. உதிரிப் பாகங்கள் அருகிவிட்ட காலத்தில் இது விலையுயர்ந்த யோசனை. பல வேளைகளில் பழுது பெட்டிக்குள் இருப்பதே இல்லை. அன்றியும், எண்ணெயை வடித்துப் பெட்டியைப் பிரித்த பின்னர் அது ஓடும்பொழுது காட்டிய குறிகளைத் திரும்பப் பெற வழியில்லை.

பெட்டியின் அமைப்பைச் சிறிது அறிந்தாலன்றிக் குறிகளின் பொருள் விளங்காது. எஞ்சினை அடுத்து எண்ணெய் நிறைந்த உருண்டைக் கூடு ஒன்று உண்டு. டார்க் கன்வர்ட்டர் என்பது அதன் பெயர். எஞ்சினோடு சுழலும் இறகுச் சக்கரம் எண்ணெயை வீச, எதிரேயுள்ள சக்கரம் அவ்வீச்சால் சுழல்கிறது. இடையே நிற்கும் மூன்றாவது சக்கரம் எண்ணெயின் போக்கைத் திருப்பி, புறப்படும் வேளையில் முறுக்குவிசையை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது. அதனை அடுத்து வருவது பற்சக்கரக் கூட்டம். அதனை ஆள்வன ஐந்து உறுப்புகள்: முன் கிளட்ச், பின் கிளட்ச், உருளையை இறுகப் பற்றும் முன் பட்டை, பின் பட்டை, மிதிவண்டியின் பின்சக்கரம் போல ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஒருவழிக் கிளட்ச்.

எந்தக் கியரிலும் இவற்றுள் இரண்டே வேலை செய்யும். 'டி' நிலையில் முதற்கியருக்கு முன் கிளட்சும் ஒருவழிக் கிளட்சும். இரண்டாவதற்கு முன் கிளட்சும் முன் பட்டையும். மூன்றாவதற்கு இரு கிளட்சுகளும். பின்னோட்டத்திற்குப் பின் கிளட்சும் பின் பட்டையும். 'எல்' நிலையின் முதற்கியரில் முன் கிளட்சோடு பின் பட்டையும் சேரும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிப் பார்ப்பதே பழுதறிதலின் உயிர்நாடி. பின்னோட்டம் நன்றாயிருந்து முன்னோட்டக் கியர்கள் யாவும் வழுக்கினால், அவை யாவற்றிற்கும் பொதுவான முன் கிளட்சே ஐயத்துக்குரியது. முதலும் இரண்டும் செம்மையாயிருக்க, மூன்றாவதும் பின்னோட்டமும் வழுக்கினால் பின் கிளட்ச். பின்னோட்டம் மட்டும் இல்லையெனில் பின் பட்டை; 'எல்' நிலையில் இறக்கத்தில் எஞ்சின் வண்டியைத் தடுத்து நிறுத்தாமையும் அதனை உறுதிப்படுத்தும். 'டி'யில் முதற்கியரில் புறப்படாத வண்டி 'எல்'லில் புறப்பட்டால் ஒருவழிக் கிளட்ச் கெட்டது எனலாம். நடுநிலையிலும் வண்டி முன்னே ஊர்ந்தால் முன் கிளட்சின் தட்டுகள் விடுபடாமல் ஒட்டிக்கொண்டன என்று பொருள். சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பகுத்து, ஒரே உறுப்பு வேறு சொற்களிலும் வருவதைக் கொண்டு அதனை அடையாளங்காணும் இலக்கண ஆசிரியருக்கு இம்முறை புதியதன்று.

எல்லாக் கியர்களும் ஒருங்கே வழுக்கினால் ஐந்து உறுப்புகளும் ஒரே நாளில் கெட்டன என்று கொள்ளலாகாது. அவற்றிற்குப் பொதுவானது எண்ணெயின் அழுத்தம். எண்ணெய் குறைந்திருக்கலாம், வடிகட்டி அடைபட்டிருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம். பெரிதும் கவனிக்கப்படாதது ஒன்று உண்டு. கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கம்பியே அது. மிதி அழுந்த அழுந்த எண்ணெயின் அழுத்தத்தையும் உயர்த்துவது அதன் வேலை. அது தளர்ந்துவிட்டால் எஞ்சின் முழுவலியோடு இழுக்க, கிளட்சுகளோ அரைப்பிடியில் நிற்கும். நல்ல தட்டுகளும் சில நாட்களிலேயே கருகும். கம்பியைச் சரிசெய்யாமல் தட்டுகளை மட்டும் மாற்றினால் புதிய தட்டுகளுக்கும் அதே கதிதான். ஆதலின் பெட்டியில் அழுத்தமானியைப் பொருத்திப் பாராமல் யாரும் முடிவுக்கு வருதல் கூடாது.

எண்ணெயும் ஒரு சாட்சி. எண்ணெய் சூடேறி, எஞ்சின் ஓடும் நிலையில்தான் அளவுகோலைப் பார்க்க வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் கன்வர்ட்டரின் எண்ணெய் கீழே இறங்கியிருப்பதால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். நல்ல எண்ணெய் சிவப்பாயிருக்கும். கரும்பழுப்பு நிறமும் கருகல் நாற்றமும் தட்டோ பட்டையோ எரிந்ததைச் சொல்லும். பாலோடு கலந்தாற்போல் இளஞ்சிவப்பாயிருந்தால் ரேடியேட்டரிலுள்ள எண்ணெய்க் குளிர்விப்பான் வழியே நீர் புகுந்துள்ளது. அடித்தட்டைக் கழற்றினால், சிறிதளவு கரும்பொடி வயதின் அடையாளமேயன்றி நோயன்று. காந்தத்தில் ஒட்டும் எஃகுச் சிராய்கள் பற்சக்கரமோ பேரிங்கோ சிதைவதைக் காட்டும். ஒட்டாத பொன்னிறத் துகள்கள் புஷ்கள் தேய்வதைக் காட்டும்.

எண்ணெயை மாற்றினால் பழைய பெட்டி கெட்டுவிடும் என்பது பட்டறைகளில் வழங்கும் பேச்சு. எண்ணெய் மாற்றும் எண்ணமே பெட்டி வழுக்கத் தொடங்கிய பின்னர்தான் பலருக்கு உண்டாகிறது. முன்னரே எரிந்துபோன தட்டுக்கான பழி புதிய எண்ணெயின் தலையில் விழுகிறது. ஆயினும் அப்பெட்டிக்கென விதிக்கப்பட்ட வகையை விட்டு வேறு எண்ணெய் ஊற்றினால் தட்டுகளின் பிடிப்பு மாறும் என்பது மெய்.

கன்வர்ட்டரைச் சோதிக்க வேறு வழி உண்டு. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரு பிரேக்குகளையும் பிடித்து, 'டி'யில் மிதியை முழுதும் அழுத்தி எஞ்சினின் சுற்றைக் காண்பது அது. பத்து நொடிக்கு மேல் நீடித்தால் எண்ணெய் கொதித்துவிடும். வண்டியின் முன்னே ஒருவரும் நிற்றல் ஆகாது. விதித்த அளவைவிடச் சுற்று ஏறினால் உள்ளே வழுக்குகிறது. சிறிது குறைந்தால் குற்றம் எஞ்சினுடையது. மிகவும் குறைந்தால் கன்வர்ட்டரின் நடுச்சக்கரம் பிடிமானம் இழந்து பின்னோக்கிச் சுழல்கிறது. அத்தகைய வண்டி மேட்டில் திணறும், சமதளத்தில் வேகங்கொள்ளும்.

நெடுங்காலம் கொட்டகையில் நின்ற கார்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. காலையில் கியரை இட்டால் சில நொடிகள் அசையாது; சூடேறியபின் ஒழுங்காக ஓடும். ரப்பர் வளையங்கள் காய்ந்து இறுகி, குளிர்ந்த நிலையில் எண்ணெயைக் கசியவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அடித்தட்டையும் வால்வுத் தொகுதியையும் கழற்றி, ஒவ்வொரு கிளட்சுக்கும் செல்லும் துளையில் அழுத்தக் காற்றைச் செலுத்தினால் இது வெளிப்படும். 'தொப்' என்னும் ஒலி கேட்டால் அக்கிளட்சின் பிஸ்டன் நன்றாக நகர்கிறது. சீறல் மட்டும் கேட்டால் அவ்வளையம் போய்விட்டது; பெட்டியைக் காரிலிருந்து இறக்க வேண்டிய நிலை அப்போதுதான் வருகிறது.